மலையேறிய காலுக்குச் சாட்சி

1936ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு புதன்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் நீர்வேலிச் சந்தியில் வந்து நின்ற மாட்டு வண்டிலில் அருந்ததி ஏறியபோது, அவளை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். தோட்டத்துக்குப் போகிற வழியில் மண்வெட்டியைத் தோளில் போட்டபடி நின்றவர்கள். தெற்கே, சிவனின் பாதம் பதிந்த இடமென்கிற சிவனொளிபாத மலைக்கு, அதுவும் ஒரு விதவை, ஆண் துணை இல்லாமல் போகிறாள் என்றால் யார்தான் நின்று பார்க்கமாட்டார்கள்?

"பிள்ளை, அங்கை ஒரு கால்தானாம் இருக்கு. சிவன் மற்றக் காலை எங்கை வைச்சவர் எண்டும் கேட்டுக்கொண்டு வா" என்றார் ஒருவர்.

சிரிப்பு எழுந்தது. அருந்ததி திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் ஒரு மாற்றுச் சேலையும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பொட்டலமும். வண்டிலுக்குள் முன்னமே ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். காலில் சப்பாத்து, பக்கத்தில் ஒரு குடை, இரண்டு பலகைகளுக்கு நடுவே பழைய பத்திரிகைத் தாள்களை அடுக்கி வாரால் இறுக்கிய ஒரு விசித்திரமான சாமான். அவள் புத்தூர் தேவமலர். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்கைப் பாடம் படிப்பிக்கிறவள்.

வண்டில் நகர்ந்தது. சிரிப்பு வேலி முடியும்வரை கூடவே வந்தது.

அருந்ததி பிறவிக் கோபக்காரி என்று நீர்வேலியில் பின்னாளில் சொல்லிக்கொண்டார்கள். அது பொய். மார்க்கண்டுவைக் கட்டி வந்த ஒன்பது வருடத்தில் அவளுடைய குரல் வேலிக்கு அப்பால் கேட்டதில்லை. பிள்ளை இல்லை என்ற பேச்சுக்குக்கூட அவள் முகம் சுருங்கியதில்லை. அந்தக் கோபத்துக்கு வயது ஒன்றரை வருடம்தான். அது பிறந்த இடம் ஒரு துலாமரம்.

நீர்வேலி மண் சிவப்பு; வாழைக்கு அதைப்போல மண் வேறில்லை. ஆனால் ஓடுகிற தண்ணீர் என்று ஒரு சொட்டும் கிடையாது. வாழை குடிக்கிற ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் கிணற்றிலிருந்து மேலே வரவேண்டும். அதற்குத்தான் துலா. கிணற்றடியில் நட்ட கவர்க்கால்களில் நீண்ட மரமொன்று ஊஞ்சல்போலப் படுத்திருக்கும். ஒருவன் அதன்மேல் ஏறி நின்று கிணற்றுப் பக்கம் நடந்தால், நுனியில் தொங்குகிற பனையோலைப் பட்டை கீழே போகும். பின்பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்கிறவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, தண்ணீர் வாய்க்காலில் ஓடும். முன்னும் பின்னும், முன்னும் பின்னும், ஒரு காலைப்பொழுது முழுக்க. இப்படி நடந்தே மார்க்கண்டு ஒன்பது வருடத்தில் எந்தத் தேசம் போய்ச் சேர்ந்திருப்பான் என்று அருந்ததி பகிடியாகக் கணக்குப் பார்ப்பதுண்டு.

1934 புரட்டாதியில், முதல் தூறல் விழுந்த காலையில், ஈரமரத்தில் அவன் கால் வழுக்கியது. கிணற்றுக்குள் விழுந்திருந்தால் பிழைத்திருப்பான். கிணற்றுக்கட்டில் விழுந்தான்.

கிணறு மார்க்கண்டுவுக்கும் அவன் தமையன் கதிரவேலுவுக்கும் பொது. திங்களும் வியாழனும் தம்பியின் முறை; செவ்வாயும் வெள்ளியும் அண்ணனின் முறை. செத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் கதிரவேலு சொன்னார், தம்பியின் வாழைக்கும் தானே இறைப்பதாக. ஊர் அவரை மெச்சியது. இறைத்தார்தான். தன் வாழை குடித்துத் தள்ளிய பிறகு, உடம்பில் அலுப்பில்லாத நாளில், மனம் வந்தால். அடுத்த கோடையில் அருந்ததியின் வாழையில் பாதி, குலை தள்ளாமலே மடிந்து விழுந்தது. இதென்ன என்று கேட்டால், தோட்டத்தைத் தன் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் ஒரு மூலையில் இருக்கலாமே என்பார். அதுதான் அவர் சொல்லக் காத்திருந்த பதில்.

தை மாதத்தில் ஒரு வியாழன் காலை அவள் கிணற்றடிக்குப் போய், இனித் தன் முறைக்குத் தானே துலா மிதிக்கப்போவதாகச் சொன்னாள். பக்கத்துத் தோட்டக்காரர் நான்கு பேர் நின்றார்கள். பெண் துலாவில் ஏறினால் கிணறு வற்றிப்போகும் என்று ஒருவர் ஆரம்பித்தார். கதிரவேலு அவரைக் கையமர்த்தினார். அவருக்குப் பகிடி வந்துவிட்டது.

"ஏறத் தெரிஞ்சவளெண்டால் சிவனொளிபாதத்திலை ஏறி மணியை அடிச்சுப்போட்டு வா. பிறகு துலாவிலை ஏறு. நான் ஒரு சொல்லுச் சொல்லன்."

"சொன்ன சொல்லு நிக்குமோ, அத்தான்?"

"பிள்ளையாரறிய நிக்கும்."

மலையே இல்லாத ஊரில் ஒருவன் ஒருத்தியைப் பார்த்துச் சொல்லக்கூடிய மிகப் பெரிய கேலி அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் ஆனையிறவுப் பக்கத்து உப்புக் குவியல்தான். ஆனால் அருந்ததி அதைக் கேலியாக எடுக்கவில்லை. வாக்காக எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் வாழைப்பழம் வாங்க வருகிற தேவமலரிடம் அதைச் சொன்னாள். இரண்டு வருடமாகப் பழக்கம். பழம் வாங்க வருகிறவள் ஒருமணி நேரம் வாழையடியில் குந்தியிருந்து களையையும் பூச்சியையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முப்பத்தொரு வயது; கலியாணம் ஆகவில்லை; தகப்பன் ஊரூராகக் கிறிஸ்தவ வேதம் சொல்லித் திரிகிறவர். அருந்ததி சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அந்த மலையில் வேறெங்குமே இல்லாத செடிகள் இருக்கின்றன என்றாள். பத்து வருடமாக அங்கே போக ஆசை, தனியாகப் போகிற தைரியம் மட்டும்தான் இல்லை என்றாள். மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்குகிற மாமன் சிமியோன் இருந்தார். மாமனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்தாள்.

புறப்படுவதற்கு முன் இரண்டு நாளும் அருந்ததி கைவாளியால் அள்ளி அள்ளி, மிஞ்சியிருந்த வாழைகளுக்கு ஊற்றினாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப்போயின. அந்தக் கையோடுதான் வண்டில் ஏறினாள்.

ரயில் கோச்சியில் யாழ்ப்பாணம் விட்டுப் பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டுக் கோச்சி மாறி, அடுத்த நாள் அற்றனில் இறங்கியபோது அருந்ததிக்குக் காது அடைத்திருந்தது. சிமியோன் லொறியோடு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியப் புறப்படுவது என்று முடிவானது. சனம் இருட்டில் ஏறிச் சூரியோதயம் பார்க்கத்தான் போகும் என்று சிமியோன் சொன்னார். இருட்டில் இலையை எப்படிப் பார்க்கிறது என்று தேவமலர் கேட்டாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

புறப்படும்போது அவர் ஒரு சவர்க்காரக் கட்டியை நீட்டினார். காட்டுக்குள் இரத்தம் குடிக்கிற அட்டை இருக்கும், காலில் பூசிக்கொள்ளுங்கள் என்றார். தேவமலர் காலுறைமேல் தேய்த்தாள். அருந்ததி வாங்கவில்லை. கோயிலுக்குப் போகிற காலில் சவர்க்காரம் பூசுவதில்லை என்றாள்.

தேயிலை முடிந்து காடு தொடங்கிய இடத்தில் சிமியோனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு தேநீர்க் கொட்டிலில் இருந்துவிட்டார். இரண்டு பெண்களும் போனார்கள்.

தேவமலர் பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். மரங்களெல்லாம் பச்சைப் பாசியைக் கம்பளிபோலப் போர்த்திருந்தன. கிளைக்குக் கிளை செடி. அந்தச் செடியின்மேல் இன்னொரு செடி. விரல் நகமளவு வெள்ளைப் பூக்கள் மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டைப்போல விரிந்த பன்னச் செடியின் கீழே, பித்தளைப் பொத்தானளவில் ஒரு தவளை. தேவமலர் முழங்காலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஊரில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அருந்ததி கண்டதில்லை. பறித்த இலைகளைத் தாளுக்கு நடுவே வைத்து, பலகையை இறுக்கி, மேலே ஏதோ எழுதினாள். அருந்ததி பொறுமையாக நின்றாள். அட்டைகள் பொறுமையாக ஏறின.

ஆற்றடிக்கு வந்தபோதுதான் அது நடந்தது. மலைக்கு ஏறுகிறவர்கள் எல்லோரும் அதில் குளித்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். கல்லுக்கு மேலே கல்லாக, வெள்ளை வெள்ளையாக, சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர் இறங்கியது. ஒருவரும் இறைக்கவில்லை. ஒருவரும் மிதிக்கவில்லை. அருந்ததி கரையில் அசையாமல் நின்றாள். தேவமலர் குளிக்கச் சொன்னாள். அவள் காதில் விழவில்லை.

"இவ்வளவு தண்ணியும் ஆருக்கு ஓடுது, ரீச்சர்?"

"ஒருத்தருக்குமில்லை. கடலுக்குப் போகுது."

"ராவும் பகலுமோ?"

"ஓம்."

அருந்ததியின் வாய் நடுங்கியது. பக்தியால் என்று பக்கத்தில் நின்ற சிங்களக் கிழவி ஒருத்தி நினைத்துக்கொண்டு கைகூப்பினாள். "ஒரு பட்டைத் தண்ணிக்கு என்ரை மனிசன் செத்தது" என்றாள் அருந்ததி. "இஞ்சை சிவன் இப்பிடிக் கொட்டி விளையாடுறார்." குனிந்து ஒரு கல்லை எடுத்து ஆற்றுக்கு நடுவே ஓங்கி எறிந்தாள். கோயிலுக்குப் போகிற வழியில் சாமிக்குக் கல்லெறிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். குளிக்காமலே மேலே போனாள்.

கடைசி ஏற்றம் செங்குத்து. இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டும். கொப்பளம் உடைந்த கையால் அதைப் பிடித்தாள். தேவமலர் மூச்சு வாங்கி நிற்க, அவள் நிற்கவில்லை. துலாமரத்தில் நடப்பதை நினைத்துக்கொண்டு நடந்தாள். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, முறுகி, இரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னே உச்சி வந்தது. கீழே மேகம். மேகத்தைக் கீழே பார்ப்பது அருந்ததிக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் பார்க்க வந்தது பாதத்தை.

பாறையில் ஒரு பள்ளம். அவ்வளவுதான். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. மார்க்கண்டுவின் பாதம் ஞாபகம் வந்தது. மரத்தில் தேய்ந்து, பெருவிரல் விரிந்து, குதிகால் கல்லாகிப்போன பாதம். அதை ஒருவரும் பூப்போட்டுக் கும்பிடவில்லை. வெளியே வந்தாள். எத்தனையாம் தரம் ஏறுகிறார்களோ அத்தனை தரம் மணி அடிப்பது அங்கே வழக்கம். அருந்ததி கயிற்றைப் பிடித்து ஒரு தரம் அடித்தாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அடித்தாள்.

தேவமலர் சப்பாத்தைக் கழற்றவில்லை; பாதம் இருந்த மேடைக்கு ஏறவும் இல்லை. படியில் இருந்து பார்த்தாள். அருந்ததி இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஊரிலை கேட்டால் சொல்லுவியளோ?"

"கண்டதைச் சொல்லுவன். ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

"சரி" என்றாள் அருந்ததி. அந்த ஒரு சொல்லை நம்பி மலை இறங்கினாள்.

ஞாயிறு பின்னேரம் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. கதிரவேலுதான் கூட்டியவர். சொன்ன சொல்லை மாற்றினார் என்ற பெயர் எடுக்க அவருக்கு விருப்பமில்லை, துலாவை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அருந்ததி ஏறிவிட்டு வந்ததாகச் சொன்னாள். யார் கண்டது என்று கேட்டார். தேவமலர் முன்னே வந்து, தன் கண்ணால் கண்டதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள். வழியைச் சொன்னாள், சங்கிலியைச் சொன்னாள், மணியைச் சொன்னாள்.

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. கதிரவேலு அதைக் கவனித்தார். மடியிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து வாசல் கல்லில் வைத்துக் கொளுத்தினார்.

"வாயாலை ஆரும் சொல்லலாம். ரீச்சர் இதைக் கையாலை அடிச்சு அணைச்சுப்போட்டுச் சொல்லட்டும். பிறகு எனக்கு ஒரு கதையுமில்லை."

எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்துச் சொன்ன சொல்லுக்கு அந்த ஊரில் மறுபேச்சில்லை. அருந்ததி தான் அடிப்பதாகச் சொல்லி முன்னே வந்தாள். உன் வழக்குக்கு நீயே சாட்சியா என்று கேட்டுத் தடுத்தார்கள். எல்லோரும் தேவமலரைப் பார்த்தார்கள். அருந்ததியும் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தால் போதும், ஒரு கை.

தேவமலரின் சமயத்தில் சத்தியம் பண்ணுவதே கூடாது. அதுவும் விக்கிரகத்தின் முன். தகப்பனுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவள் முகத்தில் ஓடியது. ஆனால் அவளைத் தடுத்தது அந்தப் பயம் மட்டுமில்லை. நம்பிக்கை உள்ளவள். அதுதான் கொடுமை.

"நான் கண்டதைச் சொல்லிப்போட்டன்" என்றாள். "இதுக்கு மேலை என்னாலை ஏலாது."

கற்பூரம் சிறிய கட்டி. எரிந்து முடியக் கனநேரம் எடுக்கவில்லை. கல்லில் ஒரு கறுப்புப் பொட்டு மிஞ்சியது. கதிரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் போனவர்களில் யாரோ சிவனின் மற்றக் காலைப்பற்றி மறுபடியும் கேட்டார்கள்.

வீதியில் தேவமலர் பின்னால் ஓடி வந்து கையைப் பிடித்தாள். அருந்ததி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு கற்பூரம், ரீச்சர். உங்கடை கடவுள் அவ்வளவு ரோசக்காரரோ?"

"அருந்ததி, அது பொய்யாய்ப் போகும். நான் நம்பாததை வைச்சு…"

"மலையிலை ஏறினது பொய்யோ?"

"இனி வாழைப்பழத்துக்கு வராதேங்கோ" என்று சொல்லிவிட்டு அருந்ததி படலையைச் சாத்தினாள்.

மறுநாள் திங்கள், அவள் முறை. விடிய எழுந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் துலாவில் ஏறினாள். ஏறிய பிறகுதான் கீழே பட்டை பிடிக்க ஆளில்லை என்பது உறைத்தது. மரத்தின் நடுவே, மார்க்கண்டு வழுக்கிய இடத்தில், இறங்க மனமில்லாமல் நின்றாள்.

வேலியில் விட்டிருந்த பொட்டு வழியால் பாலேஸ்வரி நுழைந்து வந்தாள். கதிரவேலுவின் மனைவி. புருஷன் முன்னால் நிமிர்ந்து ஒரு சொல் சொல்லியறியாதவள். நேரே போய்ப் பட்டையைப் பிடித்தாள்.

"நடவடி தங்கச்சி" என்றாள்.

அருந்ததி நடந்தாள். பட்டை இறங்கியது, நிறைந்தது, ஏறியது. பத்துப் பட்டைக்குள் கதிரவேலு ஓடி வந்தார். பக்கத்துத் தோட்டக்காரரும் வந்தார்கள். சாட்சி இல்லாமல் துலாவில் ஏறினது எந்த நியாயம் என்று சத்தம் போட்டார். பாலேஸ்வரி பட்டையை விடாமலே திரும்பினாள்.

"என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? நேற்று வந்தவுடனை நான்தான் இவளுக்குக் காலுக்கு மஞ்சள் அரைச்சுப் பூசினனான். முழங்காலுக்குக் கீழை முப்பது நாப்பது இடத்திலை அட்டை கடிச்சுக் கிடக்கு, இன்னும் ரத்தம் நிக்கேல்லை. எங்கடை ஊரிலை அந்த அட்டை எந்தக் கடையிலை விக்கிறாங்கள்? சொல்லுங்கோ, வாங்கிக்கொண்டு வாறன்."

கூட்டத்தில் ஒருவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒரு விதவையின் காலைக் காட்டச் சொல்லி எந்த ஆண்பிள்ளையும் கேட்க முடியாது. நேற்று அத்தனை பேர் கூடி நியாயம் விசாரித்தபோது, நியாயம் அவள் சேலைக் கரைக்குக் கீழே இரத்தம் கசிந்துகொண்டு நின்றிருக்கிறது. கதிரவேலு, வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் வீணாகப் போகிறது, பார்க்கவில்லையா என்று யாரையோ ஏசிக்கொண்டு போய்விட்டார். தோற்றேன் என்று அவர் அதன்பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கோடையில் கிணறு கீழே போனபோது, பெண் மிதித்ததால்தான் என்றார். அந்த வருடம் ஊரில் எல்லாக் கிணறும் கீழே போயிருந்தது.

அருந்ததி பத்து வருடம் துலா மிதித்தாள். பாதம் தேய்ந்தது, பெருவிரல் விரிந்தது. வாழை நின்றது. கதிரவேலுமேல் இருந்த கோபம் தண்ணீரோடு தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. எதிரி எதிரியாகத்தான் இருந்தார், அதில் வஞ்சகம் இல்லை. போகாத கோபம் தேவமலர்மேல்தான். சந்தையில் அவளைக் கண்டால் அருந்ததி மற்றப் பக்கம் திரும்பி நடந்தாள். 1938இல் தேவமலர் மலாயாவில் உத்தியோகம் பார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறினாள் என்று பாலேஸ்வரி சொன்னாள். போகட்டும் என்றாள் அருந்ததி. உலகச் சண்டை வந்தது; ஜப்பான்காரர் மலாயாவைப் பிடித்தார்கள்; அங்கிருந்து ஊருக்கு வருகிற கடிதங்களெல்லாம் நின்றன. அப்போதும் அவள் விசாரிக்கவில்லை.

1946 சித்திரையில் தபால்காரன் கிணற்றடிக்கே வந்து ஒரு கடிதத்தைக் கொடுத்தான். எழுத்தைக் கண்டதும் அருந்ததிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது; மலையில் பத்தடிக்கு ஒருதரம் தாளில் எழுதிக்கொண்டு நின்ற அதே எழுத்து. கிழித்துக் கிணற்றில் போடத்தான் நினைத்தாள். ஆனால் துலாவிலிருந்து இறங்கி, கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிரித்தாள்.

"அருந்ததிக்கு,

உயிரோடு இருக்கிறேன். அவர் இல்லை. ஜப்பான்காரர் ரயில்பாதை போடக் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. மலையில் சேர்த்த செடிகள் எல்லாம் அடுப்பெரிக்கப் போய்விட்டன.

அவர்கள் காலத்தில் என்னைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க விட்டார்கள். ஒவ்வொரு நாள் காலையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அவர்களுடைய அரசர் இருக்கிற திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும். வணங்கினால் அரிசி. நான் குனிந்தேன். மூன்று வருடத்துக்கு மேல், ஒருநாள் தவறாமல் குனிந்தேன். என் கடவுளை நினைத்து ஒருநாளும் மறுக்கவில்லை. ஒருநாளும் எனக்கு அது பொய்யாகப் படவில்லை, பசித்தது, குனிந்தேன்.

குனிகிற ஒவ்வொரு தரமும் அந்தக் கற்பூரம் எரிந்தது தெரியும். எனக்காக இத்தனை தரம் வளைந்த முதுகு, உமக்காக ஒரு தரம் கை நீட்டவில்லை.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. உம்முடைய கோபம் சரியானது, அதை வைத்திரும். ஒன்றை மட்டும் எழுதித் தருகிறேன், யார் கேட்டாலும் காட்டும்: 1936 மாசி மாதம் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன், நீர்வேலி மார்க்கண்டு பெண்சாதி அருந்ததி சிவனொளிபாத மலையுச்சியில் ஏறி ஒரு தரம் மணி அடித்தாள். நான் கண்டேன். சத்தியம்.

தேவமலர்."